சம்மட்டியைக் கீழே வையுங்கள்!

ஆலங்குடிப் பக்கம் சேற்றுழவு முடிந்ததும் பழைய டிராக்டர்கள் பட்டறைக்கு வந்துவிடும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்து, துருவேறி, ஹப் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். சம்மட்டியால் அடித்தால் பேரிங் உடையும், ஸ்டட் முறியும்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். துரு நீக்கும் எண்ணெயை இடுக்கில் விட்டு ஓர் இரவு பொறுங்கள். காலையில் நட்டை இரண்டு மரை மட்டும் விட்டுத் தளர்த்தி, புல்லரால் இழுங்கள். ஹப் பாய்ந்து வந்து அடிக்காது.

அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்துவிட்டு ஹப்பை மட்டும் சூடாக்குங்கள். 10 சென்டிமீட்டர் துளை, 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.12 மில்லிமீட்டர் விரியும். துரு பிடிவிட அதுவே உதவும். சூடுபட்ட பேரிங், சீல் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள்.

டயரோடு இருக்கும் சக்கரத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டவே கூடாது. டயர் வெடித்தால் உயிரே போய்விடும்!