கையும் கபாலமும்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறதென்றால் தாயார் முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பிறகு பாட்டி வந்து தொட்டுப் பார்க்கிறாள். இருவரும் ஒன்றையே சொன்னால் விவகாரம் தீர்ந்தது. ஒருத்தி சுடுகிறதென்றும் மற்றவள் சில்லென்றிருக்கிறதென்றும் சொன்னாலோ, இருவர் கையையும் நம்பாமல் தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். இந்த வீட்டு நியாயத்தை ஒரு வைத்திய முறைக்கும் பொருத்திப் பார்ப்போம்.

எலும்பையும் தசையையும் கையால் பிடித்து நோய் தீர்க்கும் 'ஆஸ்டியோபதி' என்னும் முறை அமெரிக்காவில் தோன்றியது. அதைப் பயின்ற வில்லியம் கார்னர் ஸதர்லாந்து, 1899-ஆம் வருஷ வாக்கில், பிரித்து வைத்திருந்த மண்டையோடு ஒன்றைக் கண்டார். காதோரத்து எலும்பின் விளிம்பு மீனின் செவுளைப் போலச் சரிந்திருந்தது. செவுள் அசைவதைப் போல இதுவும் அசைவதற்கென்றே அமைந்ததோ என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1939-ல் தமது கொள்கையைப் புத்தகமாக்கினார். மூளையும் அதைச் சூழ்ந்த நீரும் தனியொரு தாளத்தில் அசைகின்றன. கபால எலும்புகளும் உடன் அசைகின்றன. பழகிய கை அத்தாளத்தை உணர்ந்து நோயை அறியும் என்பதே அதன் சாரம்.

அந்த நீர் இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப அசைவது மெய்யே. ஆனால் இவ்விரண்டுக்கும் புறம்பான வேறொரு தாளத்தைக் கையால் அறிய முடியுமா என்பதல்லவா கேள்வி?

இதற்குச் சோதனைகள் நடந்தன. 1994-ல் பிரசுரமான ஒன்றில், பயிற்சி பெற்ற மூவர் 12 பேருடைய தலையைத் தொட்டுத் தாளத்தை எண்ணினர். முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால், அவர்களுடைய கணக்குகளுக்குள் இருந்த ஒற்றுமை பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே! 1998-ல் 28 பேரைப் பரீக்ஷித்தபோது, ஒருவர் தலையையும் மற்றவர் பாதத்தையும் ஒரே சமயத்தில் பிடித்து எண்ணினர். பிறகு இடம் மாறிக்கொண்டனர். அப்போதும் ஒற்றுமை 0.2-ஐ எட்டவில்லை.

2001-ல் வெளியான மற்றொரு பரீக்ஷையின் முடிவு இன்னும் விசித்திரமானது. தனித்தனியே பார்த்தால், ஒவ்வொருவரும் தாம் முன்பு எண்ணியதற்கு ஏறக்குறைய ஒத்தபடியே மறுபடியும் எண்ணினார்கள். ஆனால் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு சேரவில்லை.

இவர்களைப் புரட்டர்கள் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். மனப்பூர்வமாக நம்பித்தான் கை வைக்கிறார்கள். ஏதோ ஒன்றை உணரவும் செய்கிறார்கள். ஆனால் இரண்டு கைக்குப் பொதுவாக அகப்படாத ஒன்றை நோயாளியின் தலையில் இருப்பதாக எப்படிச் சொல்வது? தொடுகிறவரிடம் உள்ளதென்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அனுபவம் இதற்குப் பரிகாரமாகாது. தவறு என்று எடுத்துக்காட்ட அளவுகோல் எதுவும் இல்லாத இடத்தில், முப்பது வருஷப் பழக்கம் நம்பிக்கையை வளர்க்குமே ஒழிய, கையைத் திருத்தாது.

நேயர்கள் இன்று மாலை ஒரு சிறு பரீக்ஷை செய்து பார்க்கலாம். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, இருவர் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். எந்தப் பட்டமும் பெறாத உங்கள் கணக்குகள் அநேகமாக ஒத்துப்போகும். நாடி மெய்யாகவே அங்கே துடிக்கிறது, அதுதான் காரணம்.

இது வெறும் வாதப்போர் அன்று. மேல்நாடுகளில் ஓயாது அழும் பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இவ்வைத்தியரிடம் போகிறார்கள். கபாலத்தில் கோளாறு என்று ஒருவர் சொன்னால், பணமும் போகும். தாயின் தூக்கமும் போகும். அழுகைக்கு வேறு காரணம் இருந்தால், அதைக் கண்டறிய வேண்டிய காலமும் வீணாகும்.

ஆகவே, அன்பான கை தலையைத் தடவினால் சுகமாக இருக்கிறதா? இருக்கட்டும்; அதில் தோஷமில்லை. ஆனால் அந்தக் கை நோயின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், இன்னொரு கையையும் வரவழைத்துக் கேளுங்கள். முதல் கை சொன்னதை இரண்டாவது கைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்!