தீப்பெட்டி இருக்க ‘கியூபாய்டு’ படம் எதற்கு?



முப்பரிமாண வடிவங்கள் தொட்டும் உருட்டியும் அடுக்கியும் புரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் ஆங்கில வழி நர்சரி, தொடக்க வகுப்புகள் பலவற்றில் அவை அச்சிட்ட படங்களாக மட்டுமே வருகின்றன. படத்துக்குக் கீழே ஒரு கோடு; அதில் கியூப், கியூபாய்டு, சிலிண்டர், கோன், ஸ்பியர் என்று பிழையில்லாமல் எழுத வேண்டும். கணக்குக்கு உரிய மதிப்பெண் ஸ்பெல்லிங்குக்குப் போய்விடுகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இது இரட்டைச் சுமை.

படமும் சரியான துணையாக இல்லை. கனசதுரத்துக்கு ஆறு முகங்கள், ஆறும் சதுரம். தாளில் தெரிவதோ மூன்று. அவற்றிலும் வழக்கமாக இரண்டு சாய்ந்த இணைகரங்களாகிவிடுகின்றன. உருளையின் வட்ட முகம் நீள்வட்டமாகிறது. நிழல் தீட்டாத கோளம் தட்டா, பந்தா என்று பெரியவர்களாலேயே சொல்ல முடியாது. அதைப் பார்த்து ‘சர்க்கிள்’ என்று எழுதும் குழந்தைக்குச் சிவப்பு மையில் தப்பு விழுகிறது. கண்ணில் பட்டதைத்தான் அது எழுதியிருக்கிறது.

ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்தால் கதையே வேறு. முகங்கள் ஆறும் முனைகள் எட்டும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். விளிம்புகளில்தான் தடுமாற்றம்: தொட்டதையே மறுபடி தொட்டுப் பதினான்கு என்னும். எண்ணியதைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால் பன்னிரண்டில் வந்து நிற்கும். பால் பவுடர் டின் நிமிர்த்தினால் நிற்கும், படுக்கவைத்தால் உருளும். பிறந்தநாள் தொப்பி நேராக ஓடாமல் தன் கூர்முனையையே சுற்றி வட்டமடிக்கும். அது ஏன் என்று குழந்தை தமிழில்தான் கேட்கும், தமிழில்தான் யோசிக்கும். அந்த நேரத்தில் “இங்கிலீஷில் பேசு” என்று அதட்டுவதும், தமிழ் பேசியதற்கு அபராதம் போடுவதும் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுகின்றன.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டிலும் உள்ள ‘கிண்டர்கார்டன்’ ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் வைத்த பெயர். 1837-இல் பிளாங்கன்பர்க்கில் மழலையர் கல்விக்கான நிலையத்தைத் தொடங்கிய அவர், குழந்தைகள் கையில் கொடுத்த பொருள்களில் மரத்தாலான கோளமும் உருளையும் கனசதுரமும் இருந்தன. இங்கே பெயர் மட்டும் பலகையில் ஏறியிருக்கிறது, மரக்கட்டைகளைக் காணோம்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆவது பிரிவில், செயல்பாடும் தேடலும் வழியாகக் கற்பிக்கவும், இயன்றவரை தாய்மொழியில் பயிற்றுவிக்கவும், குழந்தையை அச்சமின்றிப் பேசவிடவும் சொல்கிறது. அபராதம் இவற்றில் எதற்கும் பொருந்தாது.

ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டின்னை உருட்டிக்கொண்டிருக்கும்போதே ‘திஸ் ரோல்ஸ்’ என்றும், தீப்பெட்டியைத் தள்ளிப் பார்க்கும்போது ‘திஸ் டஸ் நாட் ரோல்’ என்றும் சொல்லிக்கொடுத்தால் வாக்கியம் பொருளோடு சேர்ந்து மனத்தில் நிற்கும். சிலிண்டர் என்ற பெயர் அதன் பிறகு வரலாம். ஸ்பெல்லிங் இன்னும் ஒரு வருடம் கழித்து வந்தாலும் நஷ்டமில்லை. இதற்குச் செலவென்று எதுவும் கிடையாது, காலி டப்பாக்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

முதல் இரண்டு வகுப்புகளில் இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வை நிறுத்திவிட்டு, பொருளைக் கையில் கொடுத்து வாய்மொழியாகக் கேட்க வேண்டும். தமிழில் சொல்லும் சரியான விடைக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதோடு, வகுப்பில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இந்தப் பொருள்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.