பிசியோவுக்குப் போகும் முன்



"நாலு நாள் கரண்ட் வச்சாங்க, ஒண்ணும் கேக்கலை." காரைக்கால் பக்கம் பிசியோதெரபி என்று பேச்செடுத்தாலே இந்தப் பதில்தான் முந்திக்கொண்டு வருகிறது. மருத்துவர் எழுதிய சீட்டோடு போகிறோம், மெஷின் வைத்துக்கொள்கிறோம், ஐந்தாம் நாள் நின்றுவிடுகிறோம். பாதியில் நிற்பவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மெஷின் வலியைச் சற்று நேரம் தணித்துக் கொடுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் பயிற்சிதான் வைத்தியம், அதிலும் பெரும்பகுதி வீட்டில் நடக்க வேண்டியது. மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடைத் தசை வலுவாக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கமோ மாதக்கணக்கில் இழுக்கும். பயிற்சி செய்த அன்று லேசாக வலிப்பது சகஜம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் விட்டுவிடாதீர்கள்; போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தருவார்கள்.

முதல் நாள் "வலி போகணும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் அன்றாட வேலையைச் சொல்லுங்கள். கிளிஞ்சல்மேட்டில் படகில் கால் தூக்கி ஏறுபவருக்கு ஒரு பயிற்சி. தரையில் உட்கார்ந்து மீன் நறுக்கும் அம்மாவுக்கு வேறு. தொழுகையில் மண்டியிட முடியாமல் நாற்காலிக்கு மாறிய பெரியவர் அதைச் சொல்ல வேண்டும். நடவு வயலில் நாளெல்லாம் குனிபவர் அதைச் சொல்ல வேண்டும். வரும் ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வீதியில் நடந்து போக வேண்டும் என்பதும் நல்ல இலக்குதான். இலக்கு தெரிந்தால்தான் அதற்கேற்ற பயிற்சி கிடைக்கும்.

பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். மருத்துவர் சரி என்றதும், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொடங்குங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள் மூட்டு நழுவும். வாஞ்சூர் தாண்டி நாகூரிலோ நாகையிலோ உங்கள் சொந்தக்காரர் படுக்கையில் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், விசாரிக்கச் சொல்லுங்கள். நம் காரைக்கால் புதுவை அரசின் கீழ் இருப்பதால், இங்குள்ளவர்கள் அரசுப் பொது மருத்துவமனையில் கேட்பதுதான் வழி.

சிகிச்சை தருபவர் பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். பெண்கள் பெண் பிசியோவைக் கேட்கலாம், துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மெஷின் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஒத்தடத்தின் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

முதுகுவலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ பிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

மற்றபடி பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தளர்வான பருத்தி உடையில், வெறும் வயிறாக இல்லாமல் போங்கள். போன பிறகு, சிகிச்சை தருபவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்