ஆலையை அளப்பவருக்குக் கூலி கொடுப்பது யார்? கபினிக் கரையிலிருந்து எழும் கேள்வி

மைசூரு: வயநாட்டு மலைகளில் தோன்றும் கபினி ஆறு, எச்.டி.கோட்டை, நஞ்சன்கூடு வழியாக ஓடி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியுடன் கலக்கிறது. அந்த நீர் பிலிகுண்டுலுவைக் கடந்து தமிழகத்துக்கு வரும்போது, எத்தனை டிஎம்சி வந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் துல்லியமாகப் பார்க்கப்படுகிறது. அதில் என்ன கலந்து வந்தது என்ற கணக்குக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகள் மாசடைந்தவையாக அடையாளம் காணப்பட்டன. கர்நாடகத்தில் மட்டும் 17. காவிரி, லட்சுமணதீர்த்தம், கபினி மூன்றும் அதில் இடம்பெற்றன. கபினியில் நஞ்சன்கூடு முதல் ஹெஜ்ஜிகே வரையிலான பகுதி குறிப்பிடப்பட்டிருந்தது. நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மருந்து, உணவுத் தொழிற்சாலைகள் உள்ள ஊரும் கூட. நகரின் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கையில், எந்த மாசு யாருடையது என்று சொல்வதற்கு நம்பத்தக்க அளவீடு தேவை. அந்த அளவீட்டை யார் செய்வது என்பதில்தான் மத்திய அரசு இப்போது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது.

2025 ஆகஸ்ட் 29 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், இதுவரை பெரும்பாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களின் கையில் இருந்த ஆய்வுப் பணியைத் தகுதிச் சான்று பெற்ற தனியார் தணிக்கையாளர்களுக்கும் திறந்துவிட்டுள்ளன. சான்று பெற்று, பின்னர் பதிவும் செய்துகொண்டவர்கள் மட்டுமே இப்பணியில் ஈடுபட முடியும். மாதிரி எடுப்பது, பகுப்பாய்வு செய்வது, ஆலைகள் தாமாக அளிக்கும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது ஆகியவை அவர்களின் பொறுப்பு. வாரியங்களின் ஆய்வு அதிகாரம் அப்படியே நீடிக்கும்.

இதற்கான தேவையை மறுக்க முடியாது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் பலமுறை பேசப்பட்ட விஷயம். இருக்கும் ஆட்களைக் கொண்டு ஒவ்வோர் ஆலையின் புகைபோக்கியிலும் ஏறிப் பார்ப்பது நடக்கிற காரியமன்று. ஆனால் ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிட்டாலே உண்மை வெளிவந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை என்பதற்கு, இந்தியாவிலேயே தெளிவான சான்று ஒன்று உள்ளது.

குஜராத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1996 முதல் மூன்றாம் தரப்புத் தணிக்கை நடைமுறையில் இருந்து வந்தது. ஆலை நிர்வாகமே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும்; கட்டணமும் அதுவே கொடுக்கும். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து 473 ஆலைகளில் ஓர் ஆய்வு நடத்தி, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். பழைய முறையில் பணியாற்றிய தணிக்கையாளர்களின் அறிக்கைப்படி, காற்றில் கலக்கும் துகள் அளவுக்கான வரம்பை மீறிய ஆலைகள் 7 சதவீதம்தான். அதே ஆலைகளைத் தனியாக மறு அளவீடு செய்தபோது 59 சதவீதம் வரம்பை மீறியிருந்தன. வரம்புக்குச் சற்றே கீழே வந்து நிற்கும் எண்கள் அறிக்கைகளில் வியப்பூட்டும் அளவுக்குக் குவிந்திருந்தன. கூலி கொடுப்பவருக்குப் பிடித்த எண்ணைத் தருபவருக்கே மறுமுறையும் வேலை கிடைக்கும் என்றால், வேறு விளைவு எப்படி வரும்?

ஆய்வாளர்கள் மாற்றியது நான்கே விஷயங்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினர். கட்டணத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, ஆலையிடமிருந்து அல்லாமல் பொது நிதியிலிருந்து வழங்கினர். சில இடங்களில் மறு அளவீடு செய்தனர். இரண்டாம் ஆண்டில், அறிக்கை எவ்வளவு சரியாக இருந்ததோ அதற்கேற்ப ஊக்கத்தொகையும் தந்தனர். விதிமீறலை மறைத்து, ஆலை சரியாக உள்ளது என்று பொய் அறிக்கை தருவது 80 சதவீதம் குறைந்தது. அதோடு ஆலைகளே மாசைக் குறைத்தன என்பதுதான் முக்கியம். அதிகம் கக்கியவையே அதிகம் குறைத்தன. குஜராத் வாரியம் 2015-இல் குலுக்கல் ஒதுக்கீட்டை விதியாக்கியது.

புதிய மத்திய விதிகள் இந்தப் பாடத்தின் முதல் பகுதியை ஏற்றுக்கொண்டுள்ளன: தணிக்கையாளரை ஆலை தேர்வு செய்ய முடியாது, ஒதுக்கீடு சீரற்ற முறையில் நடக்கும். ஆனால் குஜராத்தில் பலன் தந்தது ஒதுக்கீடு மட்டுமல்ல, நான்கும் சேர்ந்துதான். கட்டணமும் மறு அளவீடும் அமலாக்கத்தில் தளர்ந்தால், சீட்டுக் குலுக்கல் ஒரு சடங்காகிவிடும். மைசூரு போன்ற நடுத்தர நகரில் ஆலோசனை நிறுவனங்களின் எண்ணிக்கையும் குறைவு. இன்று ஓர் ஆலைக்கு அனுமதி வாங்கித் தருபவரும் நாளை பக்கத்து ஆலையைத் தணிக்கை செய்பவரும் ஒரே வட்டத்தினராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அனுமதி வாங்கும் கட்டத்திலும் இதே முடிச்சு உண்டு. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, திட்டத்தை முன்மொழிபவரே ஆலோசகரை அமர்த்தி, தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்த் தரவு தந்தாலோ விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கொடுத்த அனுமதியும் ரத்தாகலாம். இது ஏட்டில் மட்டும் உள்ள மிரட்டல் அன்று. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில், சுற்றியுள்ள காடுகள் பற்றிய விவரங்கள் விண்ணப்பத்தில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு பரிசீலனைக்குப் பின் 2020 ஜனவரியில்தான் பணி தொடர முடிந்தது. ஒரு பத்தியை விட்டதற்கான விலை பல மாதத் தாமதம்.

மைசூரு வட்டாரத்தில் அப்படி விடுபடக்கூடியவை பல. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தைச் சுற்றி 2012 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சூழல் உணர்திறன் மண்டலம், நஞ்சன்கூடு, எச்.டி.கோட்டை, குண்டலுப்பேட்டை வட்டங்களின் கிராமங்களைத் தொட்டுச் செல்கிறது. கல் குவாரிக்கோ விடுதிக்கோ அறிக்கை தயாரிப்பவர் சர்வே எண்ணை அந்த வரைபடத்தோடு ஒப்பிடத் தவறினால், திட்டத்தின் அடித்தளமே ஆடிவிடும். அனுமதி கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். பல நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அனுமதி வாங்கும்வரை இருக்கும் முனைப்பு, வாங்கிய மறுநாள் கோப்போடு அலமாரிக்குப் போய்விடுகிறது.

தண்டனைத் தரப்பும் மாறியுள்ளது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை இருந்த சிறைத் தண்டனை, ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் 2024 ஏப்ரல் 1 முதல் 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ரூபாய் ஒரு பொருட்டாக இராது. இன்னொரு பக்கம், மாசு ஏற்படுத்தியவரிடமிருந்து வாரியங்களே இழப்பீடு வசூலிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைக்கு அஞ்சாதவர் இழப்பீட்டுக்கு அஞ்ச நேரிடலாம்; ஆனால் இழப்பீட்டைக் கணக்கிடவும் நம்பத்தக்க அளவீடு வேண்டும். சுற்றிச் சுற்றி மீண்டும் தணிக்கையாளரிடமே வந்து நிற்கிறது விவகாரம்.

வேலையைத் தொடங்கிவிட்டுப் பின்னர் அனுமதி கேட்பதிலும் குழப்பம் தீரவில்லை. அத்தகைய பின்தேதி அனுமதிகள் செல்லாது என்று 2025 மே 16 அன்று வனசக்தி வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஆறு மாத இடைவெளியில் சட்டம் இருமுறை திரும்பியபோது, கட்சிக்காரருக்கு எழுத்தில் ஆலோசனை தந்திருந்தவர்களின் நிலை தர்மசங்கடம்தான்.

தமிழகத்துக்கு இது புதிய பாடமன்று. மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் அறிவித்தது, பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் தொடர்பான 1996 வேலூர் வழக்கில்தான். அந்த ஆலைகளின் இழப்பீடும் நிலச் சீரமைப்பும் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் உத்தரவிட வேண்டியிருந்தது. நஞ்சன்கூட்டில் எடுக்கப்படும் மாதிரியின் முடிவு கோப்பில் அடங்கிவிடுமா, காவிரியின் கீழ்ப்பகுதியில் வாழ்வோரும் இணையத்தில் படிக்கும்படி வெளியிடப்படுமா என்பதையே, புதிய விதிகள் நடைமுறைக்கு வரும்போது தமிழக விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும்.