கேபிளும் குடும்பச் சிக்கனமும்

வரவறிந்து செலவிடுதல் இல்வாழ்வார்க்கு இன்றியமையாத நற்பண்பாகும்; இதனை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், சிக்கனம் என்று பெயரிட்டுச் செய்வன யாவும் சிக்கனம் ஆகிவிடா. கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இண்டர்நெட் வழியாக வரும் ஓ.டி.டி. காட்சிகளுக்கு மாறுதலே செலவைக் குறைக்கும் வழி என்னும் எண்ணம் இன்று நம் இல்லங்களில் பரவி வருகின்றது. இவ்வெண்ணத்தை வீட்டில் முதற்கண் எடுத்துரைப்போர் பெரும்பாலும் நம்மை யொத்த மாணவரே. ஆதலின், அதன் மெய்ம்மையை ஆராய்தல் நமக்கே உரிய கடமையாகின்றது.

கேபிளின்மேற் குறை கூறுவோர் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களை வழங்கத் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டில் டிராய் ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, முதல் நூறு சேனல்களுக்கு 130 ரூபாய் உச்ச அளவாக விதிக்கப்பட்டது. அதனோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர, 153 ரூபாய் 40 காசு ஆயிற்று. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேற்பட்டது. காண்பது பத்துச் சேனல், கட்டுவது நூற்றுக்கு என்று மக்கள் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை.

இனி, மறுபுறத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 250 ரூபாய் கேபிளுக்குச் செலுத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அது 3,000 ரூபாய். 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் தன் பேசிக் சந்தாவை மாதம் 499 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகக் குறைத்தது. அதே மாதத்தில் அமேசான் பிரைம் தன் ஆண்டுச் சந்தாவை 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக உயர்த்திற்று. அவ்விலைகளின்படி, முன்னது ஆண்டுக்கு 2,388 ரூபாய். இவ்விரண்டனுள் ஒன்றோடு நிற்பின் மிச்சம் உண்டு. இரண்டையும் கொள்ளின் 3,887 ரூபாய் ஆகி, கேபிளினும் 887 ரூபாய் மிகுகின்றது. மூன்றாவது ஒன்றும் புகுமாயின் சொல்ல வேண்டுவதில்லை.

இண்டர்நெட் செலவும் இதனோடு சேரும். தெளிவான காட்சிக்கு மணிக்கு 3 ஜி.பி. வரை டேட்டா செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் கைபேசி ரீசார்ஜ் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிராட்பேண்ட் முன்னரே உள்ள வீட்டிற்கு இது புதுச் செலவன்று. இல்லாத வீட்டிற்கோ இதுவே பெருஞ்செலவு.

மேலும், இலவசம் என்பது நிலைத்ததன்று. 2023ஆம் ஆண்டில் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025ஆம் ஆண்டில் அது ஹாட்ஸ்டாருடன் இணைந்தபின், சிறிது நேர இலவசக் காட்சிக்கு மேல் சந்தா வேண்டப்பட்டது. சந்தா செலுத்தியும் விளம்பரம் காணும் நிலை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரைமிற்கும் வந்தது.

இவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. கேபிள்காரர் மாதந்தோறும் வாயிலில் வந்து நின்று பணம் கேட்பார். அச்செலவு வீட்டார் அனைவரும் அறிந்த செலவு. ஓ.டி.டி. சந்தாவோ அண்ணன் கைபேசியில் ஒன்றும், தங்கை கைபேசியில் ஒன்றுமாக, கேட்பாரின்றித் தானே கழிந்துகொண்டிருக்கும். தனித்தனியே அவை சிறியன. கூட்டிப் பார்ப்பார்தாம் எவரும் இலர். கணக்கில் வாராத செலவைச் சிக்கனம் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, மிச்சம் யாருடையது என்பதும் நோக்கற்பாலது. கைபேசியில் வேண்டுவன காணும் நமக்குக் கேபிள் இல்லாமையால் குறை ஒன்றும் இல்லை. பகலெல்லாம் வீட்டிலிருக்கும் பாட்டியார்க்கோ ரிமோட்டின் இரண்டு பொத்தான்களே உலகம். இத்தனை மணிக்கு இன்ன தொடர், இத்தனை மணிக்குச் செய்தி என்று அவர்தம் நாளே அதனால் வகுக்கப்பட்டுள்ளது. அவரைக் கேளாது இணைப்பைத் துண்டித்து, ஆங்கில எழுத்துக்களில் பெயர் தேடச் சொல்லுதல், அவர் பங்கைப் பறித்து நம் பங்கைப் பெருக்குதலே யாகும். குடும்பத்தில் குரல் குறைந்தோரிடமிருந்து எடுத்த மிச்சம் மிச்சமாகாது.

ஆகவே, கேபிளை விடுதல் தவறென்பது நம் கருத்தன்று. அளவறியாது விடுதலே தவறு. வீட்டிலுள்ள சந்தாக்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுக. ஒரு காலத்தில் ஒரு சந்தாவே போதும் என்று வரையறுத்து, அதனைக் கண்டு முடித்தபின் மற்றொன்றிற்கு மாறுக. மாதச் சந்தாவே வேண்டா என்போர்க்கு, 2004ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தூர்தர்ஷனின் இலவச டிஷ் உண்டு; தமிழ்த் தனியார் சேனல்கள் பலவும் அதில் இல்லை என்பதையும் அறிந்தே அதனைக் கொள்க. எல்லாவற்றிற்கும் முன், வீட்டு முதியோரைக் கேட்டு முடிவு செய்க.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றனர் நம் முன்னோர். விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவ நண்பர்கள், கேபிளைத் துண்டிக்குமாறு தந்தையார்க்கு அறிவுரை கூறுமுன், தம் கைபேசியின் கணக்கை முதலில் அவர்முன் வைப்பார்களாக.