இறகுக்குள் இருப்பதையும் எண்ணுங்கள்

திருச்சி பாலக்கரையில் மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்களுக்குப் புறா ஈயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புறாவைக் கையில் எடுத்து இறக்கையை விரித்தால், தட்டையான பழுப்பு ஈ ஒன்று நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடி இறகுக்குள் புகுந்துகொள்ளும். விரலிடுக்கில் வைத்து நசுக்கினாலும் லேசில் சாகாது. சில சமயம் வளர்ப்பவரையே கடித்துவிடும். தெரு நாயின் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் நாய் ஈயும், மாட்டின் வாலடியில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் ஈயும் இதன் உறவினங்கள்தான். பேனைப்போல உடலோடு ஒட்டி வாழ்ந்து ரத்தம் குடிப்பதால் இந்தக் குடும்பத்தைப் பேன் ஈக்கள் என்கிறார்கள். உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

இவற்றின் பிள்ளைப்பேறு வியப்பானது. வீட்டு ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பேன் ஈ முட்டையே இடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழு, தாயின் கருப்பைக்குள்ளேயே பால் போன்ற சுரப்பைக் குடித்து முழுதாக வளர்கிறது. பிறந்த கையோடு அதன் தோல் இறுகிக் கூட்டுப்புழுவாகிவிடும். புறா ஈ தன் ஆயுளில் பெறுவது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளைத்தான். கூட்டுப்புழுக்கள் புறாக்கூட்டின் குப்பையில் சுமார் ஒரு மாதம் கிடந்து ஈயாகின்றன. இருபது நாளுக்கு ஒருமுறை கூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்வதன் காரணம் அதுதான். ஆப்பிரிக்காவில் தூக்கநோயைப் பரப்பும் செட்சீ ஈயும் இப்படியே பிள்ளை பெறுகிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம்.

மாடியில் புறா ஈயைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். இறகு முளைக்காத குஞ்சுகளை அது வாட்டிவிடும். கூடவே ஹீமோபுரோட்டியஸ் என்ற ரத்த ஒட்டுண்ணியையும் பரப்பும். பறவை மலேரியாவைக் கொசு பரப்புவதை 1898-இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் கண்டறிந்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். புறாவின் இந்த நோயை ஈ பரப்புவதை 1906-இல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் காட்டினார்கள். ஈயின் உடலுக்குள் அந்த ஒட்டுண்ணி வளரும் விதத்தை 1915-இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் விளக்கியவர் ஹெலன் ஏடி என்ற பெண். ராஸின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் பாடப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும்.

மாடியை விட்டுச் சரணாலயத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் போய்ச் சேரும் இடம். 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பறவைகள் சரணாலயம் 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் இங்கே வருகின்றன. வனத்துறையும் தன்னார்வலர்களும் கல்லூரி மாணவர்களும் விடியலில் தொலைநோக்கியோடு கரையில் நின்று பறவைகளை எண்ணுகிறார்கள். அருமையான பணி. ஆனால் அந்தப் பறவைகளின் உடலில் வாழும் ஈக்கும் சிறகுப் பேனுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. சரணாலயம் என்பது அங்குள்ள எல்லா உயிருக்கும் அடைக்கலம் என்றால், கணக்கு அரைகுறையாகவே நிற்கிறது.

இத்தனைக்கும் இந்தியாவில் பறவைகளின் காலில் வளையமிடும் பெரும்பணி தொடங்கியதே ஒட்டுண்ணிகளைத் தேடித்தான். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களையும் காய்ச்சல் தாக்கியது. கியாசனூர் காட்டுநோய் என்று பெயர் பெற்ற அதன் வைரஸ், ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் ஒரு வைரஸை ஒத்திருந்தது. வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 1959-இல் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் களமிறங்கியது. நம் கோடியக்கரையும் பின்னர் அந்தப் பணியின் முக்கியக் களமானது. பறவையைப் பிடிப்பது, இறகைக் கோதி உடலில் இருப்பதைச் சேகரிப்பது, வளையமிட்டுப் பறக்கவிடுவது என்று எல்லாம் ஒரே வேலையாக நடந்த காலம் அது. வளையத்தின் கதையைப் பெருமையோடு சொல்கிறோம். உண்ணியின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும்.

ஒட்டுண்ணி அழிந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1980-களில் அழிவின் விளிம்பிலிருந்த கலிபோர்னியா காண்டோர் கழுகுகளைப் பிடித்து வளர்த்தபோது, அவற்றின் பேன்களை மருந்திட்டு நீக்கினார்கள். கழுகு பிழைத்தது. அதன்மேல் மட்டுமே வாழ்ந்த பேன் இனம் பூண்டோடு போனது. அந்தப் பேன் கழுகுக்குப் பெரிய தீங்கு செய்ததற்குச் சான்று இல்லை. நம் நாட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. அசாமின் குள்ளப் பன்றிமேல் மட்டும் வாழும் ஒரு பேன், ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக இருக்கிறது. பன்றிக்குக் காப்பகம் அமைத்தோம், அதன் பேனை எங்கே காப்பாற்றுவோம்? காலநிலை மாற்றத்தால் 2070-க்குள் ஒட்டுண்ணி இனங்களில் மூன்றில் ஒரு பங்குவரை அழியக்கூடும் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது.

இறக்கையில்லாத சிறகுப் பேன்கள் சில, பேன் ஈயின் உடலைக் கவ்விக்கொண்டு அடுத்த பறவைக்குப் போகின்றன. ஈ இல்லையென்றால் அந்தப் பயணமும் இல்லை. எந்தப் பறவை எதனோடு நெருங்கிப் பழகுகிறது, எந்த நோய் எந்த வழியில் நகர்கிறது என்பதையெல்லாம் இந்த ஈக்களை வைத்து அறியலாம். காட்டுக்குள் மேயப்போகும் மாடும் அங்கேயே வாழும் மானும் எந்தெந்த ஒட்டுண்ணிகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதும் அப்படித்தான் தெரியவரும். தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களில் மாடு மேய்ப்பதற்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் சரி தவறைப் பேசவும் இப்படிப்பட்ட தரவு வேண்டும்.

புலிக்கே பணம் போதாதபோது ஈக்கு யார் கொடுப்பது? நியாயமான கேள்விதான், ஆனால் செலவு அதிகமில்லை. இதற்காக எந்தப் பறவையையும் புதிதாகப் பிடிக்க வேண்டாம்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதியும் எளிதில் கிடைக்காது. மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட பருந்தும், வெயிலில் சுருண்டு விழுந்த ஆந்தையும் எப்படியும் கால்நடை மருத்துவரிடம் வருகின்றன. பறவை இறந்து உடல் குளிர்ந்தால் பேன் ஈ விலகிப் பறந்துவிடும் என்பதால், உயிரோடு கைக்கு வரும் அந்தச் சில நிமிடங்கள்தான் வாய்ப்பு. பறவை வந்த துணிப்பையை உதற வேண்டும். விழுந்ததை எரிசாராயம் நிறைந்த சிறு குப்பியில் போட வேண்டும். பறவையின் பெயர், ஊர், தேதி எழுதிய சீட்டையும் உள்ளே போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அந்தக் குப்பிகளை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, திருச்சிக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கோ அனுப்ப ஓர் ஏற்பாடு இருந்தால் போதும். அதற்கான உத்தரவை வனத்துறை இந்த ஆண்டே போடலாம். போட்டால், அடுத்த முறை கரைவெட்டியின் பறவைப் பட்டியல் அச்சாகும்போது, அதன் கடைசிப் பக்கத்தில் நாலைந்து ஈக்களின் பெயரும் இருக்கும்.