வாங்க முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

மே மாதம் பிறந்தால் மொன்றியலில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாடகை வீட்டுக்கும் இடியப்ப ஓர்டருக்கும் நடுவே படகு விளம்பரங்களும் வரத் தொடங்கிவிடும். பதினான்கு அடி பைபர் கிளாஸ் படகு, 20 குதிரைவலு எஞ்சின், ட்ரெயிலரோடு, "நல்ல கொண்டிசன்". சென் லூயி ஏரியில் பிள்ளைகளோடு மீன் பிடிக்கலாம் என்ற ஆசையில் மூன்று வருடங்களுக்கு முன் நானும் ஒன்றை வாங்கினேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ட்ரெயிலர் டயரைப் பார்த்தேன். எஞ்சின் தொங்குகிற பின்பலகையை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த சித்தப்பாதான் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். "எஞ்சின் ஆடேல்லை தம்பி, பலகைதான் ஆடுது. உள்ளுக்கை உக்கிப் போச்சு. இதிலையே பிள்ளையளை ஏத்தப்போறாய்?" என்றார். பிறகு சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். நல்ல பலகை 'டக் டக்' என்று கணீரெனக் கேட்கும். எங்களுடையது நனைந்த காட்போட் பெட்டி போலக் கேட்டது.

வெளியே பார்க்க முழுவதும் பைபர் கிளாஸ்தான். ஆனால் இப்படியான பழைய படகுகள் பலவற்றில் பின்சுவரின் உள்ளே இருப்பது பிளைவூட். எஞ்சின் போல்ட், தண்ணீர் வடிகிற துளை என்று அதில் நாலைந்து ஓட்டைகள். அடைத்த சீலன்ட் வயதாகி வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், கோடை முழுக்கக் காயாது. பிறகு நம்ம மொன்றியல் குளிர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். பலகையின் அடுக்குகளைப் பிளக்கும். அடுத்த வருடம் அந்தப் பிளவில் இன்னும் தண்ணீர். இப்படிப் பத்து வருடம் போனால் உள்ளே இருப்பது பலகையல்ல, தேயிலைச் சக்கை.

என் படகில் அந்தச் சக்கைக்கு மேல் அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி, புது வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கோபம் வந்தது. கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 1726ஆவது பிரிவு, மறைந்த குறைகளுக்கு விற்பவர் பொறுப்பு என்கிறது. ஆனால் நிபுணரின் உதவி இல்லாமலே கவனமான ஒருவர் கண்டுபிடிக்கக்கூடிய குறை அதற்குள் வராது. அரை நிமிடத்தில் கண்டுபிடித்த சித்தப்பா நிபுணரா இல்லையா என்று வழக்காடலாம்தான். வக்கீல் பீஸ் படகின் விலையைத் தாண்டிவிடும்.

10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு உரிம இலக்கம் வேண்டும். ஓட்டுகிறவருக்கு அட்டை வேண்டும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வேண்டும். எல்லாம் சரி. ஆனால் சொந்தப் பொழுதுபோக்குப் படகுக்கு அதன் உடம்பைப் பார்க்கிற கட்டாயப் பரிசோதனை கிடையாது. 50 கிலோ எஞ்சினைத் தாங்குகிற பலகையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, "நம்ம ஆள்தானே" என்ற நம்பிக்கையில் விற்கும்போது தகடு அடித்து மறைப்பது வியாபாரத் தந்திரம் இல்லை. நடு ஏரியில் எஞ்சின் கழன்று விழுந்தால் அந்த ஓட்டையால் தண்ணீர் ஏறும். அது தெரிந்தே செய்கிற வேலை.

நாங்கள் திருத்தினோம். உள்பக்கத்து பைபர் தோலை மட்டும் வெட்டி எடுத்து, உக்கியதைச் சுரண்டினோம். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை எப்பொக்சியால் ஒட்டி, பழைய அச்சில் வெட்டிப் பொருத்தினோம். மலிவு என்று வீட்டு பிளைவூட் போடாதீர்கள், நனைந்தால் அதன் பசை விட்டுவிடும். குளிரில் எப்பொக்சி இறுகாது என்பதால் ஜூன் வரை பொறுத்தோம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே திரும்பத் துளைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் மரத்தைத் தொடாது. இதை எனக்குச் சொன்னது யூடியூப். மற்றதெல்லாம் சித்தப்பா.

அவர் மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்தவர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவர் இங்கே தொழிற்சாலையொன்றில் இருபது வருடம் பெட்டி கட்டி முடித்திருந்தார். அவருக்கு வள்ளம் திருத்தத் தெரியும் என்பதே எனக்கு அந்த ஜூனில்தான் தெரிய வந்தது. என் மகள் கிளாம்ப் பிடித்துக்கொண்டு நின்று, அவரிடம் "அணியம்" என்றால் என்னவென்று கேட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு அந்தச் சொல் இன்னும் வரவில்லை. ஒரு மண்டபக் கராஜில் மாதம் ஒருநாள் இப்படியான ஆட்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கைவேலை காட்ட நம்ம சங்கங்களுக்கு என்ன செலவு வரப்போகிறது?

இந்த வருடம் அந்தப் படகை விற்கப் போகிறேன். விளம்பரத்தில் உக்கிய பலகையின் படம், புதுப்பலகையின் படம் இரண்டையும் போடுவதாக இருக்கிறேன். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "முதல் படத்தைப் பார்த்தால் ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்கிறார்.